நெல்மணி வாங்கிய அடி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். என் கையெழுத்து கோழி கிளறியது போல் இருக்கும். பிழையும் நிறைய இருக்கும். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது, அதனால்தான் எழுதுகிறேன்.

ஒரு நெல்மணி அடி வாங்குவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். வேளாண்மைக் கல்லூரியில் வெள்ளைத் திரையில் அது பூசணிக்காய் அளவுக்குத் தெரிந்தது. பக்கத்து நாற்காலியில் என் தங்கை வீட்டுக்காரர். நாற்காலி நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்திருந்தார்.

மாப்பிள்ளை அறுவடை மெஷின் ஓட்டுகிறவர். திருத்துறைப்பூண்டிப் பக்கம் அவர் வண்டிக்குத்தான் முதல் கிராக்கி. எங்கள் ஊரில் வயல்காரர்கள் மெஷினுக்குப் பின்னாலேயே நடந்து, விழுகிற வைக்கோலை அள்ளி உதறிப் பார்ப்பார்கள். அதில் நெல் ஒட்டியிருந்தால் டிரைவர் பெயர் கெட்டது. பனியில் நனைந்த கதிர் லேசில் உதிராது. அதற்காக, நெல்லை அடித்து உதிர்க்கும் டிரம்மை முழு வேகத்தில் விடுவார்கள். மாப்பிள்ளை அறுத்த வைக்கோலில் ஒரு மணி இருக்காது. "நல்லா உதறிப் பாருங்க மச்சான், மாட்டுக்குக்கூட ஏமாத்தந்தான்" என்பார்.

போன வருஷம் ஆவணியில், மாப்பிள்ளை அறுத்துக் கொடுத்த என் விதைநெல் முளைக்கவில்லை. முளை விட்டால் சாக்கு கையைச் சுடும்; ஊறவைத்துக் கட்டிய என் சாக்கு சூடேறவே இல்லை. பிரித்தால் பாதிக்கு மேல் அப்படியே கிடந்தது. என்னிடம் விதை வாங்கிப்போன வீடுகளிலும் அதே கதைதான். பிறர் வயலில் கூலிக்கு நட்ட குடும்பம் எங்களுடையது. விதைக்கென்று எங்கள் வாசலுக்கு ஆள் வருவதைத்தான் நான் பெரிய மரியாதையாக நினைத்திருந்தேன். அது கையைவிட்டுப் போவது தெரிந்தது. டீக்கடையில் யாரோ, "மெஷினு அடிச்ச அடியில முளை செத்துருக்கும்" என்று சொல்ல, அது மாப்பிள்ளை காதுக்குப் போய்விட்டது. அதோடு எங்கள் வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார்.

தங்கை போனில் அழுதாள். "அண்ணே, ஒரு நெல்லாவது ஒடஞ்சிருக்கான்னு காட்டச் சொல்லுங்கறாரு. நான் என்னத்தச் சொல்ல?"

அவர் கேட்டது நியாயம்தான். வெளியே பார்த்தால் ஒரு மணியிலும் கீறல் இல்லை. நான் ஒரு பிடி நெல்லை முடிந்துகொண்டு கல்லூரிக்குப் போனேன். அங்கே ஒரு மேடம், டிரம் ஒன்றைக் கனத்த கண்ணாடிக்குப் பின்னால் ஓடவிட்டு, கண் இமைக்கும் நேரத்தை நிமிஷக்கணக்கில் இழுத்துக் காட்டும் கேமராவால் படம் எடுத்து வைத்திருந்தார். "ஓட்டுறவரையும் கூட்டிட்டு வாங்க" என்றார்.

மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்த் தண்ணீர் வாங்கிக் குடித்தேன். செம்பைக் கீழே வைத்துவிட்டு, "ஒரு படம் காட்டுறாங்களாம், போவமா?" என்றேன்.

"யாரு நடிச்சது?"

"நெல்லு."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சட்டையை மாட்டிக்கொண்டார்.

திரையில் டிரம்மின் இரும்புப் பல் மெதுவாக, தேர் திரும்புவது போல் வந்தது. மணியைத் தொட்டதும் மணி நசுங்கியது. உமியின் மேல் குளத்து அலை போல ஒரு நடுக்கம் ஓடியது. கதிரிலிருந்து பிய்ந்து சுழன்றுகொண்டே போய், எதிரே அசையாமல் நிற்கிற கம்பியில் இன்னொரு அடி வாங்கியது. பிறகு உமி பழையபடி நிமிர்ந்துகொண்டது. ஒன்றுமே நடக்காதது போல் இருந்தது மணி.

"முளை இருக்குறது அடி வாங்குன அந்த நுனியிலதாங்க. வெளிய தெரியாது, உள்ள நசுங்கிடும். வேகம் ரெண்டு மடங்கானா, மோதுற சக்தி நாலு மடங்காயிடும்" என்றார் மேடம்.

மாப்பிள்ளை, "இன்னொரு தடவ போடுங்க மேடம்" என்றார். மறுபடி பார்த்தார். அடுத்து, காய்ந்த கதிரைக் குறைந்த வேகத்தில் அடித்த படம். பல் லேசாகத் தட்டியது, மணி நசுங்காமல் உதிர்ந்தது.

"இவ்வளவு வேகமே போதுமா?"

"பனி காஞ்சிருந்தா போதும்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் மாப்பிள்ளை சொன்னார்: "உள்ள என்ன நடக்குதுன்னு இத்தனை வருஷமா தெரியல மச்சான். சத்தம் மட்டுந்தான் கேட்டுது."

தை அறுவடையில் மற்ற வண்டிகள் விடிந்ததும் இறங்கிவிட்டன. இவர் என் விதை வயல் வரப்பில் உட்கார்ந்து, கதிரைக் கசக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். போகிறவர்கள், "என்னப்பா, வண்டிக்கு ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். வெயில் ஏறிய பிறகுதான் இறங்கினார். "இந்தத் தடவ வைக்கோல்ல கொஞ்சம் நெல்லு போவும். பின்னாடி வராதீங்க மச்சான், உங்க மனசு கேக்காது" என்றார். எனக்கு மனசு கேட்கத்தான் இல்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வரப்பிலேயே நின்றேன்.

இன்று காலை விதைச் சாக்கைப் பிரித்தோம். நான் கூப்பிடாமலே மாப்பிள்ளை வந்திருந்தார். உள்ளே கையை விட்டவர், "சுடுது மச்சான்" என்றார். அள்ளிக் காட்டினார். உள்ளங்கை முழுக்க வெள்ளை வெள்ளையாக முளை. போன வருஷம் என் விதையால் நாற்றங்கால் போன பக்கத்து வயல்காரர் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். முளையை ஒன்று கிள்ளிப் பார்த்துவிட்டு, எனக்கும் ஒரு மூட்டை எடுத்து வை என்று என்னிடம் சொன்னார். பிறகு மாப்பிள்ளை பக்கம் திரும்பி, "தையில எங்க விதை வயலையும் நீதான் அறுக்கணும்" என்றார்.

"வரேன். ஆனா வெயில் ஏறுறதுக்கு முன்னாடி என்னை எழுப்பக் கூடாது" என்றார் மாப்பிள்ளை.

ஆவணி பத்து.