தழை மேல் வைத்த கல்

எண்பதுகளில் நான் அரசாங்க ஜீப் ஓட்டினேன். ஒகேனக்கல்லுக்கு மேலே, காவிரியை ஒட்டிக் காட்டுக்குள் போகும் மண் ரோட்டில் வாரம் ஒருமுறை வனத்துறை முகாமுக்கு அரிசியும் மண்ணெண்ணெயும் கொண்டுபோய் இறக்கிவிட்டுத் திரும்ப வேண்டும். அதை ரோடு என்பதே மரியாதைக்குத்தான். வேறு வண்டி அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது.

அதனால் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. ஆற்றோரக் குடிசைகளில் யாருக்காவது உடம்பு முடியாவிட்டால், பச்சைத் தழையை ஒடித்து ரோட்டின் நடுவில் போட்டு, மேலே ஒரு கல்லை வைப்பார்கள். ஆற்று இரைச்சலில் வண்டிச் சத்தம் அவர்களுக்குக் கேட்காது. தழையைப் பார்த்தால் நிறுத்தி ஹாரன் அடிக்க வேண்டும். ஆளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

அன்று பரிசல்காரரிடம் நல்ல வாளை மீன் வாங்கிப் பின்சீட்டுக்கு அடியில் போட்டிருந்தேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பென்னாகரத்தில் வீடு போய்ச் சேர்வதற்குள் கெட்டுவிடுமே என்று மனசெல்லாம் மீன்மேலேயே இருந்தது. அப்போதுதான் வளைவில் தழை கிடந்தது.

இறங்கினேன். யானை ஒடித்துப் போட்டிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யானை கிளையை ஒடிக்கும். அதன்மேல் கல்லைத் தூக்கி வைக்குமா? கல்லைக் காலால் தள்ளி, தழையை ஓரமாக வீசிவிட்டுக் கிளம்பினேன். ஹாரனில் கை வைக்கவில்லை. அன்றைக்குக் குழம்பு அருமையாக இருந்தது. அதைச் சொல்லத்தான் இப்போது வெட்கமாக இருக்கிறது.

அடுத்த வாரம் அதே வளைவில் ஒருவர் கை காட்டி நிறுத்தினார். போன வாரம் பாறையில் வழுக்கி அவர் மகளுக்குக் கால் முறிந்துவிட்டதாம். சாயங்காலம்வரை ஹாரனுக்குக் காத்திருந்து, பிறகு கயிற்றுக் கட்டிலில் போட்டு நடந்தே சுமந்திருக்கிறார்கள். ரொம்ப நேரமாகிவிட்டது, கால் இனி நேராகாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்களாம்.

"தழ வெச்சிருந்தமுங்க. மாடு இழுத்து ஓரமாப் போட்டிருக்குது. நீங்க பாத்திருந்தா உட்டுட்டா போயிருப்பீங்க?"

"பாக்கலீங்க" என்றேன். "மாடுதான் இழுத்திருக்கும்."

"இனிமே மூணு கல்லா வெச்சர்றமுங்க" என்றார் அவர், எனக்கு ஆறுதல் சொல்வதுபோல.

சொன்னபடியே செய்தார்கள். அந்தக் கரை முழுக்க அதுவே வழக்கமாகிவிட்டது. பிறகு ஒரு தழையையும் நான் தாண்டிப் போனதில்லை. ஆனால் ஒவ்வொரு தழைமேலும் மூன்று கல் இருந்தது. ஒன்று அவர்களுடையது, மற்ற இரண்டும் என் பொய்க்காக அவர்கள் சுமந்தவை.