காலண்டரில் பார்த்த ஆறு: கௌசிகா கரையில் ஒரு ஆடிப் பெருக்கு

காவிரிக்கு ஐந்து நிமிட நடையில் வீடு வைத்துக்கொண்டு, ஆடிப் பெருக்கு அன்று, ஆறு பார்க்க விருதுநகருக்குப் பஸ் ஏறியவன் நான். அதுவும் ஒரு காலண்டர் படத்தை நம்பி. சிரித்து முடித்துவிட்டு மேலே படியுங்கள்.

என் சகலை விருதுநகரில் எண்ணெய் வியாபாரி. வருடாவருடம் கம்பெனி காலண்டர் அனுப்புவார். 2008-க்கு வந்ததில் சாமி படம் இல்லை, ஆறு இருந்தது. பாலத்தடியில் நீலத் தண்ணீர், இரண்டு அன்னங்கள், கரையோரம் கல் பதித்த நடைபாதை, பெஞ்சு, புல்தரை. கீழே 'புதுப்பொலிவு பெறும் நம் கௌசிகா ஆற்றங்கரை' என்று ஒரு வரி, அதற்கும் கீழே சகலையின் கம்பெனி பெயர். ஏழு மாதம் அதைப் பார்த்தபடியே பல் தேய்த்தேன். ஆடிப் பெருக்குச் சித்ரான்னத்துக்கு மாமியார் வீட்டார் மொத்தமாக வருகிறார்கள் என்று தெரிந்ததும் கிளம்பிவிட்டேன். "காவிரியை விட்டுட்டா?" என்று மட்டும் மனைவி கேட்டாள். நல்ல கேள்வி. நான்தான் மதிக்கவில்லை.

காலை ஐந்து மணிக்குத் திருச்சியில் ஏறி, மதுரையில் மாறி, விருதுநகரில் இறங்கும்போது ஒன்பதே முக்கால். கட்டணம் மொத்தம் 61 ரூபாய். சகலை ஆம்னி வேனோடு நின்றார். "வாங்க சகலை, சாப்பிட்டீகளா?" என்றவரிடம், முதலில் ஆறு என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கூட்டிப்போனார்.

பாலத்தில் நிறுத்தி, "இதாம் சகலை" என்றார். நான் அவருக்குப் பின்னால் எட்டிப்பார்த்தேன், ஆறு அங்கே இருக்குமோ என்று. கீழே சீமைக்கருவேலக் காடு. நடுவில் கறுப்பாய் ஒரு சாக்கடை. அன்னங்கள் இருந்த இடத்தில் பன்றிகள். எண்ணிக்கை மட்டும் படத்தில் உள்ளபடியே, இரண்டு.

ஒரு காலத்தில் இந்த மணலில்தான் வண்டிமாடுகள் இளைப்பாறுமாம். வற்றல், பருத்தி, எண்ணெய் என்று ஊர் வியாபாரம் பெருகப் பெருக, கரையில் சரக்கு அடுக்கும் கிட்டங்கிகள் எழுந்தன. முகத்தைத் தெருவுக்கும் முதுகை ஆற்றுக்கும் காட்டி நின்றன. முதுகுப்பக்கம் எதைக் கொட்டினாலும் கேட்க ஆளில்லை. இப்போது வியாபாரிகள் சிலர் கமிட்டி போட்டு, பொக்லைன் விட்டுக் கருவேலத்தை வெட்டிக் கரையைச் சீரமைக்கிறார்கள். சகலையும் கமிட்டியில் உண்டு.

"பிளான் யார் போட்டது?" என்று கேட்டேன்.

"பிளானா? அதான் ஒங்க வீட்ல மாட்டிருக்கீகளே."

விளையாடுகிறார் என்று நினைத்தேன். இல்லை. கமிட்டியில் பதினோரு பேர், பதினோரு யோசனை. எல்லோரும் சண்டையில்லாமல் ஒப்புக்கொண்டது அந்தக் காலண்டர் படம் ஒன்றைத்தானாம். கொத்தனாரிடமும் அதையே கிழித்துக் கொடுத்திருக்கிறார்கள். எனக்குத் தலை சுற்றியது. வெறும் வயிறும் ஒரு காரணம்.

மனைவிக்குச் சாட்சி வேண்டுமே என்று கேமராவைத் தூக்கி அமுக்கினேன். படத்துக்குள் ஒரு தகரக் கொட்டகை வந்தது. கூடவே கையை ஓங்கியபடி ஒரு பெண்.

"ஏன்யா, இடிக்கப்போற கடையப் போட்டோ வேற எடுக்கீகளா?"

பெயர் பேச்சியம்மா. கிட்டங்கிகளில் கழித்த சாக்குகளை வாங்கி, உதறி, கிழிசல் தைத்து விற்கிறார். படத்தில் அவர் கடை இருக்கும் இடத்தில் பெஞ்சும் புல்லும் இருக்கின்றன. அதனால் வெள்ளிக்கிழமைக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள்.

"படத்துல இல்லாத கடைய நான் எப்படிம்மா வைக்க?" என்றார் சகலை.

"கடை போச்சுன்னா மறுபடி தாயில்பட்டி வேன்லதான் ஏறணும் அண்ணாச்சி. பட்டாசு வேல வேணாம்னுதான சாக்குக்கு வந்தேன்." புறங்கையைக் காட்டினார். தோல் பளபளவென்று இழுத்துப் பிடித்திருந்தது. "எனக்கு இம்புட்டோட போச்சு. பக்கத்துல உக்காந்து மருந்து அடைச்சவ வீடு திரும்பல."

நான் கேமராவை மூடினேன்.

"அந்தப் படத்த யாரு அடிச்சா?" என்றார் பேச்சியம்மா. சிவகாசி என்றோம். கடையைப் பூட்டிவிட்டு வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

ஒரு தகவல்: சிவகாசியில் அடுத்த வருடக் காலண்டர்களின் மாதிரிப் படங்கள் அடங்கிய ஆல்பத்தைப் பூஜை போட்டு வெளியிடுவதே ஆடிப் பெருக்கு அன்றுதான். சகலையும் ஆர்டர் கொடுக்க அன்றைக்குப் போகவேண்டியவர்தான். ஆமத்தூர், திருத்தங்கல் வழியாக முக்கால் மணி நேரம், இருபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். எண்ணெய் டின்களுக்கு நடுவில் என்னைத் திணித்திருந்தார்கள்.

அச்சகத்தில் படம் போட்ட தம்பி செல்வம் கம்ப்யூட்டரில் அதைத் திறந்தார். பாலம் மட்டும்தான் விருதுநகராம். "தண்ணிப் படம் பழைய ஆல்பத்துல கெடந்துச்சு அண்ணாச்சி. கேரளாவா இருக்கும்."

"எங் கடை எங்கலே?"

"அங்கன ஏதோ கொட்டகை இருந்துச்சுக்கா. அண்ணாச்சி கம்பெனி பேரு அடிக்க எடம் பத்தல. படத்துல உள்ளதெல்லாம் மேல நகத்துனேன், குறுக்க நின்ன கொட்டகைய அழிச்சிட்டு பெஞ்ச வச்சேன்."

அவ்வளவுதான். இவர் அழித்ததை அவர்கள் இடிக்கப்போகிறார்கள். நான் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். பேச்சியம்மா உட்காரவில்லை.

"அண்ணாச்சி, பேருக்கு எடம் வேணும், அம்புட்டுத்தான? எங் கடை நெத்தியில ஒங்க பேர அடிச்சுக்கிடுங்க. படத்துலயும் சரி, நெசத்துலயும் சரி. வாடக வேணாம்."

சகலையின் முகத்தில் வியாபாரி விழித்துக்கொண்டதை நேரில் பார்த்தேன். "பெருசாத் தெரியுமாலே?" என்று செல்வத்தைக் கேட்டார். என் கேமராவிலிருந்து கடை கம்ப்யூட்டருக்குப் போனது. ஓங்கிய கையைச் செல்வம் கும்பிடும் கைகளாக மாற்றிக் கொடுத்தார். புது மாதிரிப் படம் சாயங்காலமே கமிட்டிக்குப் போக, வெள்ளிக்கிழமை கெடு ரத்தானது.

போக நினைப்பவர்களுக்கு: விருதுநகரில் எண்ணெய் பரோட்டாவுக்கு இரவு ஏழு மணிக்கு மேல் போங்கள். சிவகாசிக்கு அடிக்கடி பஸ் உண்டு. கௌசிகாவைப் பாலத்தில் நின்றே பாருங்கள், கைக்குட்டை அவசியம். உங்கள் ஊரில் ஏதாவது 'புதுப்பொலிவு பெறுகிறது' என்றால், படத்தில் யார் இல்லை என்று முதலில் பாருங்கள். இதை எழுத எனக்கு ஐந்து மாதம் ஆனது, ஏனென்றால் 2009 காலண்டர் போன வாரம்தான் வந்தது.

நடைபாதை இருக்கிறது. பெஞ்சு இருக்கிறது. நடுநாயகமாகப் பேச்சியம்மா கடை, நெற்றியில் சகலையின் பெயர், திருச்சியிலிருந்தே படிக்கும் அளவுக்குப் பெரிதாக. அந்த அளவுக்குக் கடையைப் பெரிதாக்கியதில், படத்தில் ஆறு இல்லை.