பதினாறும் அறுபத்தொன்றும்

பணிமனையில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘பதினாறக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட வயதில் மூத்த மெக்கானிக்குக்கும் அவள் பதினாறக்காதான். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள், பதினாறாம் நம்பர் பேருந்தை ஓட்டுவதால் வந்த பேர் என்று நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் அது, அவள் பதினாறாம் நம்பர் பேருந்தை ஓட்டாததால் வந்த பேர்.

சின்ன வயதிலிருந்தே அவளுக்கும் எழுத்துக்கும் ஆகாது. ‘கொ’ என்று எழுதியிருந்தால், கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் சத்தமோ பின்னால் வருகிறது, போதாக்குறைக்குக் கால் ஒன்று துணைக்கு வந்து நிற்கிறது. இவர்களில் யாரை முதலில் விசாரிப்பது என்று அவள் யோசித்து முடிப்பதற்குள் வகுப்பு அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கும். டீச்சர் ‘மக்கு’ என்றார். அம்மா ‘சோம்பேறி’ என்றாள். இரண்டில் எது உண்மை என்று தெரியாமல் அவள் இரண்டையும் வைத்துக்கொண்டாள்.

இடது, வலது அதைவிட மோசம். பேருந்து ஓட்டப் பழகிய நாட்களில் பயிற்சியாளர் “லெஃப்ட்ல திருப்பும்மா” என்பார். அவள் கொஞ்சமும் சந்தேகமில்லாமல் வலது பக்கம் திருப்புவாள். தயங்கித் திருப்பினாலாவது பிரேக் போட நேரம் கிடைக்கும். ஒரு நாள் அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “லெஃப்டும் வேணாம், ரைட்டும் வேணாம் தாயே. கதவுப்பக்கம், உன் பக்கம். இப்பப் புரியுதா?” என்றார். புரிந்தது. அப்புறம் திருப்பத்தில் அவள் கை தடுமாறியதே இல்லை. அவ்வளவு பெரிய வண்டி அவளுக்கு ஆட்டுக்குட்டி மாதிரி அடங்கிப் போயிற்று.

வேலையிலும் எப்படியோ சமாளித்தாள். பலகையில் ஒட்டியிருக்கும் தாளைப் படிப்பதுபோல் கொஞ்ச நேரம் நிற்பாள். பிறகு கண்டக்டரிடம், “இன்னைக்கு நமக்கு எங்கப்பா?” என்று சாதாரணமாகக் கேட்டுக்கொள்வாள். அந்த ஒரு நாள் மட்டும் கண்டக்டர் தாமதமாக ஓடிவந்தான். கேட்க நேரமில்லை. தாளில் பதினாறு என்று இருந்தது. அவள் கண்ணுக்கு அது அறுபத்தொன்றாகத் தெரிந்தது.

வண்டியின் நெற்றியில் பதினாறு. ஏறியவர்கள் எல்லாரும் பதினாறுக்காக ஏறியவர்கள். சந்தை முனை வரைக்கும் இரண்டு தடத்துக்கும் ஒரே சாலைதான். அதற்கப்புறம் பதினாறு கதவுப்பக்கம் திரும்ப வேண்டும். அவள் தன் பக்கம் திருப்பிப் பாலத்தில் ஏறிவிட்டாள். அவ்வளவுதான், பின்னால் தேன்கூட்டில் கல் விழுந்த மாதிரி ஆகிவிட்டது.

“எங்கம்மா போறீங்க?”

“ஆஸ்பத்திரிக்கு இல்ல போகணும்!”

“டிரைவருக்கே வழி தெரியலைன்னா நாங்க என்ன பண்றது?”

அவளுக்குக் காது மடல் எரிந்தது. பாலத்தில் வண்டியைத் திருப்பவும் முடியாது. அப்போது அவள் இருக்கைக்குப் பின்னாலிருந்து ஒரே ஒரு குரல் மட்டும் ஆனந்தமாக வந்தது.

“மேடம், நான் அறுபத்தொண்ணுல ஏற வேண்டியவன். ஏதோ யோசனையில இதுல ஏறிட்டேன். தப்பான பஸ்ஸாச்சே, எங்க இறங்கறதுன்னு முழிச்சிட்டிருந்தேன். பஸ்ஸே என் வழிக்கு வந்துருச்சு!”

கையில் ஒரு கருவிப் பையோடு உட்கார்ந்திருந்த எலெக்ட்ரீஷியன் அவன். கத்திக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மீதிப் பாதிப் பேரைக் கண்டக்டர் கையெடுத்துக் கும்பிட்டுச் சமாதானம் செய்தான். அவள் பாலத்தைத் தாண்டி வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தாள். வந்து பார்த்தால், எலெக்ட்ரீஷியன் இன்னும் உள்ளேயே இருக்கிறான்! பாலத்துக்கு அந்தப் பக்கம் இறங்க மறந்துவிட்டான். அப்புறம் ஆஸ்பத்திரி வாசலில் அவசரமாகக் குதித்து இறங்கினான். கருவிப் பையை வண்டியிலேயே விட்டுவிட்டான்.

மறுநாள் பையை வாங்கிக்கொள்ளப் பணிமனைக்கு வந்தவன், குடையை விட்டுவிட்டுப் போனான். குடைக்கு வந்தபோது தொப்பியை விட்டான். “பொண்ணப் பாக்க வழியா இது?” என்று கண்டக்டர்கள் கேலி செய்தார்கள். கல்யாணமான பிறகு ஒருநாள் அவளே கேட்டாள்.

“ஏங்க, உண்மையச் சொல்லுங்க. வேணும்னுதானே விட்டுட்டுப் போனீங்க?”

“சத்தியமா இல்ல. மறந்துதான் போனேன். கடைசியா டிபன் பாக்ஸை விட்டேன் பாரு, அது மட்டும் வேணும்னே.”

ஜாடிக்கேற்ற மூடி என்று ஊரே சொன்னது. அவனுக்கு ஒரு வேலையை எடுத்தால் முடிக்கத் தெரியாது. அல்லது, எடுத்தால் சோறு தண்ணி மறந்து விடியும்வரை விடமாட்டான். நடுவில் எதுவும் கிடையாது. ஊரார் வீட்டு விளக்கெல்லாம் எரியவைத்தவனின் வீட்டுக் குளியலறை விளக்கு மாதக்கணக்கில் கம்பியில் தொங்கியது. ஆனால் வாசற்கதவுக்கு மேலே ஒரு சிவப்பு பல்பு மாட்டியிருந்தான். இஸ்திரிப் பெட்டி சூடாக இருக்கும்வரை அது எரியும். இரண்டு சட்டையும் ஒரு மேசையும் கருகிய பிறகு வந்த ஞானம் அது.

சமையலறையில் எல்லாமே கண்ணாடிப் பாட்டில். எதிலும் எழுத்துக் கிடையாது. உப்புக்குப் பச்சை மூடி, சர்க்கரைக்கு மஞ்சள் மூடி. கடைக்கு அவன் தனியாகப் போனால் அரிசிக்குப் பதில் ஆணியோடு வருவான். அவள் தனியாகப் போனால் சோப்புத் தூள் என்று நினைத்துச் செடிக்குப் போடும் உரம் வாங்கி வருவாள். அதனால் சேர்ந்தே போனார்கள். அவன் படித்துச் சொல்வான். என்ன வாங்க வந்தோம் என்பதை அவள் சொல்வாள்.

இந்த வீட்டுக்குத்தான் ஒரு விடுமுறை நாளில் அவனுடைய தங்கை வந்தாள். படிக்கத் திணறும் குழந்தைகளோடு ஒரு பள்ளியில் வேலை செய்கிறவள். காபிக்குச் சர்க்கரை எடுக்க உள்ளே போனவள் பாட்டில்களைப் பார்த்தாள். வாசலில் எரிந்த பல்பைப் பார்த்தாள். திரும்பி வந்து இருவர் முன்னாலும் உட்கார்ந்தாள்.

“அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. படிக்கும்போது எழுத்து இடம் மாறற மாதிரி இருக்குமா?”

 இத்தனை வருஷம் மூடி வைத்ததை நாத்தனார் ஒரே கேள்வியில் திறந்துவிட்டாளே! இல்லை என்று சொல்லத்தான் அவள் வாயெடுத்தாள். “ஆமா. உங்களுக்கு மாறாதா?” என்றுதான் வந்தது.

“மாறாது அண்ணி. இதுக்குப் பேர் இருக்கு. மூளை படிக்கிற விதம் வேற, அவ்ளோதான். சோம்பேறித்தனமும் இல்ல, மக்குத்தனமும் இல்ல.” பிறகு பக்கத்தில் திரும்பினாள். “அண்ணா, நீயும் வா. உன்னைச் சின்ன வயசுலேர்ந்து பாக்கறேன்.”

தங்கை சொன்ன மருத்துவமனைக்கு இருவரும் போனார்கள். சில வாரங்கள் உட்காரவைத்துப் படிக்கச் சொன்னார்கள், அடுக்கச் சொன்னார்கள், கேள்வி கேட்டார்கள். முடிவில் அவளுக்கு டிஸ்லெக்சியா என்றும் அவனுக்குக் கவனம் ஓரிடத்தில் நிற்காத ஏடிஹெச்டி என்றும் சொன்னார்கள். வெளியே மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து அவள் சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது.

“மக்குன்னாங்க. அது சுலபமா வாயில நுழைஞ்சுது. இது நுழையவே மாட்டேங்குது. ஆனா நல்லாருக்குங்க.”

“எனக்கு வெச்ச பேர் என்னது? இப்பத்தான் சொன்னாங்க, மறந்துட்டேன்” என்றான் அவன்.

அந்த வருஷமே பணிமனையில் பயிற்சியாளர் வேலைக்கு ஆள் கேட்டார்கள். எல்லாரும் அவளைத்தான் போகச் சொன்னார்கள். ஆனால் எழுத்துத் தேர்வு. முன்பென்றால் முதுகுவலி என்று சொல்லி ஒதுங்கியிருப்பாள். இந்தத் தடவை மேலாளர் அறைக்குள் போய் நின்றாள்.

“சார், எனக்கு டிஸ்லெக்சியா. கேள்வியைப் படிக்கறதுக்குள்ள நேரம் போயிடும். வாயால கேட்டாங்கன்னா வாயால சொல்லிடுவேன்.”

மேலாளர் பேனாவை மூடினார். “இத்தனை நாளா ஏம்மா சொல்லலை?”

“எனக்கே இப்பத்தான் சார் தெரியும்.”

அவர் மேலிடத்தில் கேட்டு அனுமதி வாங்கிக் கொடுத்தார். விதிப் புத்தகம் தலையணை தடிமன். எலெக்ட்ரீஷியன் அதைக் கைபேசியில் படித்துப் பதிவு செய்து தருவதாக ஏற்றுக்கொண்டான். உட்கார்ந்து படிக்க அவனால் முடியாது. வீடு முழுக்க நடந்துகொண்டே படித்தான். அவள் பாத்திரம் கழுவும்போதும் துணி மடிக்கும்போதும் அதைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்தாள்.

தேர்வன்று மூன்று அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவிலிருந்த அம்மாள் முதல் கேள்வியைக் கேட்டார். “வண்டிய எடுக்கறதுக்கு முன்னாடி என்னென்ன பாக்கணும்?”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கணவனின் குரல் காதில் ஓடியது, அதை அப்படியே ஒப்பித்தாள். “பிரேக், டயர்ல காத்து, கண்ணாடி, விளக்கு, ஐயோ பால் பொங்குது…”

மூன்று அதிகாரிகளும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

“பால் பொங்குதா?” என்றார் அந்த அம்மாள்.

 வேறு வழியில்லாமல் அவள் நடந்ததைச் சொன்னாள். ஓரத்திலிருந்த அதிகாரி தண்ணீர் குடித்துச் சிரிப்பை அடக்கினார். அடுத்த கேள்வியை அவரே கேட்டார்.

“வண்டில தீப்பிடிச்சா என்ன பண்ணணும்?”

“வண்டிய நிறுத்தி இன்ஜினை அணைக்கணும் சார். பயணிகள எல்லாம் இறக்கணும். பேட்டரி இணைப்பத் துண்டிக்கணும். அப்புறம்…” சட்டென்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“பரவால்ல, சொல்லுங்க. வீட்டுக்காரர் என்ன சொன்னார்?”

“‘என் செருப்புல ஒண்ணக் காணோம்’னார் சார்.”

இந்தத் தடவை மூவருக்கும் அடக்க முடியவில்லை. அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலும் மேலும் கேட்டார். விதிக்காகக் கேட்டாரா, செருப்புக்காகக் கேட்டாரா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவள் எதற்கும் திணறவில்லை. அவள் தேறிவிட்டதை மேலாளர் பணிமனை நடுவில் நின்று சத்தமாக அறிவித்தார். மெக்கானிக் கையிலிருந்த ஸ்பேனரால் தகர டப்பாவைத் தட்டினார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

பயிற்சி தொடங்கிய நாள், மைதானத்தில் பழைய பேருந்து ஒன்று நின்றது. கற்றுக்கொள்ள வந்தவர்களில் பாதிப் பேர் அவள் வயதுக்காரர்கள். அவள் ஒளிக்காமல் சொன்னாள்.

“எனக்குப் படிக்க நேரமாகும். எழுதிக் குடுத்தீங்கன்னா நாளைக்குத்தான் பதில் வரும். வாயால கேட்டீங்கன்னா உடனே வரும்.”

 முன்னாலிருந்த தையற்காரி கையைத் தூக்கினாள். “எனக்கு நாலு பேர் ஒரே நேரத்துல பேசினா தல சுத்தும் டீச்சர். ஒருத்தர் ஒருத்தரா பேசச் சொல்றீங்களா?”

“சொல்லிட்டாப் போச்சு. நீங்களே முதல்ல வந்து உக்காருங்க.”

தையற்காரி கிளட்சை விட்ட வேகத்தில் பேருந்து தவளைபோல் எகிறிக் குதித்து நின்றது. உள்ளே இருந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சரிந்தார்கள். பதினாறக்காவும் சரிந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தாள்.

“பரவால்லம்மா, வண்டி கிளம்பிடுச்சுல்ல? மறுபடியும் போடுங்க” என்றாள்.