படகு கரைக்கு வந்த ஞாயிறு

காலை பத்து இருபது. ஓவியரின் மேசையில் முதலில் கண்ணில் பட்டது செங்கல் பருமனில் ஒரு புத்தகம். தாள் மட்டமானது, எங்கள் செய்தித்தாளைவிடச் சொரசொரப்பு. அட்டையில் ஒரு பையன். முகத்தில் பாதி கண்ணாகவே இருந்தது. எண்பதுகளின் தொடக்கம். மதுரையில் ஒரு நாளிதழில் நான் உதவி ஆசிரியர். கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு நூற்பாலைக்கு ஜப்பானிலிருந்து இயந்திரம் வந்திறங்கியபோது பெட்டிக்குள் கிடந்த படக்கதைப் புத்தகம் அது. அங்கே வேலை பார்த்த ஃபிட்டர் அதை எடுத்துவந்து, வில்லாபுரத்தில் தன் பக்கத்து வீட்டுக்காரரான எங்கள் ஓவியரிடம் கொடுத்திருந்தார்.

அதுவரை ஜப்பான் என்றால் எங்களுக்கு டிரான்சிஸ்டரும் கைக்கடிகாரமும்தான். ஓவியர் நடுவில் ஓரிடத்தைப் பிரித்துக் காட்டினார். இரண்டு பக்க அகலத்துக்கும் கடல். ஓரத்தில் எறும்பளவில் ஒரு கிழவர். பேச்சே இல்லை. "இம்புட்டு இடத்தைச் சும்மா விட்டிருக்கான் பாருங்க தம்பி. நம்ம ஆசிரியரா இருந்தா மூணு விளம்பரம் போட்டுருவாரு" என்றார்.

ஞாயிறு சிறுவர் பக்கத்துக்காக அந்தக் கதையைத் தன் கையால் வரைந்து, தமிழில் வசனம் எழுதத் தொடங்கினார். மொழி தெரியாது, படங்களை வரிசையாகப் பார்த்து அவரே கதை கட்டினார். கரையில் தனியாக நிற்கும் கிழவர், தொலைவில் படகு, படகில் மகன், கடைசியில் இருவரும் வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். சில இடங்களில் இடறியது. ஓரிடத்தில் பையன் சொட்டச் சொட்ட நனைந்து நிற்கிறான். அடுத்த படத்தில்தான் தண்ணீரில் விழுகிறான். ஓவியர் நடுவே ஒரு மழையை வரைந்து சமாளித்தார். ஆனையூர் வரைக்கும் பிள்ளைகள் அஞ்சலட்டை எழுதினார்கள்: படகு கரைக்கு வந்துவிடுமா?

ஓவியரின் ஒரே மகன் பத்தாம் வகுப்பில் தவறியதும் பம்பாய்க்குப் போனவன். மூன்று வருடமாகக் கடிதம் இல்லை. அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்பதில்லை.

இயந்திரத்தைப் பொருத்த வந்த ஜப்பானியப் பொறியாளரைப் பேட்டி காண நான் ஆலைக்குப் போனேன். புத்தகத்தையும் கொண்டுபோயிருந்தேன். அவர் வாங்கியதும் அதைத் திருப்பிப் பிடித்தார். நாங்கள் பின்னட்டை என்று நினைத்ததுதான் முன்னட்டை. வலமிருந்து இடமாக வாசிப்பது அவர்கள் வழக்கம். படங்களுக்கும் அதே வரிசை. எங்கள் இருவரிடமும் ஆங்கிலம் கொஞ்சம்தான் இருந்தது. அவருடைய விரல் போதுமானதாக இருந்தது. தகப்பனும் மகனும் சாப்பிட்டார்கள். மகன் படகேறினான். கிழவர் கரையில் நின்றார். கதை அத்துடன் முடிந்தது.

கடைசிப் பகுதி அச்சுக்குப் போக இரண்டு நாள் இருந்தது. தவறு தெரிந்தால் திருத்தம் வெளியிடுவது எங்கள் பத்திரிகையின் வழக்கம். மூன்று வரியில் எழுதிக்கொண்டு ஓவியரிடம் போனேன். அவர் புத்தகத்தை வலப்பக்கத்திலிருந்து முழுதும் புரட்டினார். ஓரிடத்தில் மட்டும் நிறுத்தி, "அப்ப மழையே பெய்யல" என்றார்.

பிறகு மூடி வைத்தார். "அவுக ஊர்ல பையன் போயிட்டான், சரி. நம்ம பக்கத்துல கரைக்கு வந்துட்டான் தம்பி. வந்தவனைத் திருப்பி அனுப்பச் சொல்றீகளா?"

திருத்தத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். ஞாயிறன்று தகப்பனும் மகனும் சாப்பிட்டார்கள். கடைசிப் படத்தில் மட்டும் பையனின் கண்கள் பெரிதாக இல்லை.

ஓய்வு பெற்ற நாளில் ஓவியர் அந்தப் புத்தகத்தை என்னிடம் கொடுத்தார். இப்போது என் பேத்தி கைப்பேசியில் ஜப்பானியப் படக்கதைகளை வலமிருந்து தள்ளித் தள்ளி வாசிக்கிறாள். யாரும் சொல்லித் தரவில்லை. புத்தகம் என் மேசையில் இருக்கிறது, பெரிய கண்களுடைய பையன் மேலே தெரியும்படி.

ஓவியர் இறந்தபோது கொள்ளி வைத்தவர் பக்கத்து வீட்டு ஃபிட்டர்.