கறுப்பு எள் தூவிய சோற்றுருண்டை

கடத்தூரில் எங்கள் வீட்டின் ரோட்டோர அறை பூட்டிக் கிடந்தது. அதை அண்ணன் கொடுத்தால் சின்னதாக ஒரு சாப்பாட்டுக் கடை போட்டு ஊரிலேயே இருந்துவிடலாம் என்று வந்திருந்தேன். "மொதல்ல ஆக்கிப் போடு, தின்னு பாத்துட்டுச் சொல்றேன்" என்றார். அந்த அறைக்காகத்தான் அன்று மதியம் சமைத்தேன்.

ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். எந்த வேலையிலும் தங்கியதில்லை. தங்கிய ஒரே இடம், சென்னைக்கு வெளியே ஜப்பான்காரர்கள் இருந்த விடுதியின் சமையல்கட்டு. அவர்கள் ஓட்டல் பண்டம் கேட்கவில்லை, வீட்டில் தின்றதைக் கேட்டார்கள். மிசோ சூப், சோயாவைப் புளிக்க வைத்த விழுதைக் கரைத்தது. முட்டையில் கொஞ்சம் சர்க்கரை போட்டு, வேக வேகச் சுருட்டும் தமாகோயாகி. உருளைக்கிழங்கும் கறியும் சோயா சாஸில் இனிப்பாக வேகும் நிகுஜாகா. பிறகு ஒனிகிரி. உப்புத் தொட்ட கையால் சூடான சோற்றை அழுத்தி உருட்டி, கடற்பாசித் தாள் சுற்றுவது. வெளியூர் கிளம்பும்போது அம்மா கட்டித் தருவது இதுதான் என்று அங்கே ஒருவர் சொன்னார். எட்டு வருடம் தினமும் காலையில் உருட்டினேன்.

அண்ணன் சூப்பை ஒரு வாய் குடித்தார்.

"என்னடா இது, மாட்டுக்குக் கொள்ளு வேகவெச்ச தண்ணியாட்டம் இருக்குது?"

"உடம்புக்கு நல்லதுண்ணா."

"மாட்டுக்கும் நல்லதுதான்."

அண்ணி முட்டையைப் பிட்டு வாயில் போட்டார். "ஏங்க, முட்டையில சக்கரைங்க! மசக்கக்காரி கேட்டாக்கூட யாரும் இப்பிடிச் செஞ்சு தரமாட்டாங்க கொழுந்தனாரே." சொல்லிக்கொண்டே இன்னொரு துண்டு எடுத்தார். நிகுஜாகாவைக் கோழிக்கறியில் செய்திருந்தேன். அண்ணன் அதில் களியைத் தொட்டு விழுங்கி, மறுபடியும் ஊற்றச் சொன்னார். "இத வேணா வெச்சு ஓட்டலாம். காரம் மட்டும் சேத்து" என்றார். அறை கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

கடைசியாக உருண்டைகளைக் கொண்டு வந்தேன். மிசோ விழுதும் சோயா சாஸும் பையில் கொண்டு வந்திருந்தேன், கடற்பாசித் தாளுக்கு எங்கே போவது? அதற்குப் பதில் விடுதியில் சில நாள் கறுப்பு எள் தூவுவோம். அண்ணியின் டப்பாவில் எங்கள் காட்டில் விளைந்த எள் இருந்தது. இலைக்கு மூன்றாக வரிசையில் வைத்தேன்.

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணன் கையை இலைக்கு மேலேயே நிறுத்தினார்.

"என்னடா வெச்சிருக்கே?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். வாழையிலை, வெள்ளைச் சோற்றுருண்டை மூன்று, கறுப்பு எள். இது தெரியாதவன் இல்லை நான். என் கைக்கு அது காலைச் சாப்பாடு, அவ்வளவுதான்.

"அப்பனுக்கு ஆத்தங்கரையில நான் ஒருத்தன்தான் உருட்டி வெச்சேன். ரெண்டு பசங்கள்ல ஒருத்தன் எங்கன்னு ஐயரு கேட்டாரு. அன்னிக்கு வராதவன், இன்னிக்கி உசுரோட இருக்கற எனக்கு வெக்கறியா?"

"ஏங்க, தெரியாம..." என்றார் அண்ணி.

"நீ சும்மாரு."

அப்பா இறந்த செய்தி எனக்கு வராமல் இல்லை. அன்று விடுதியில் பெரிய விருந்து. லீவு கேட்டேன், இல்லை என்றார்கள். வேலையை விட்டுவிட்டு வந்திருக்கலாம். முதலாளி முறைத்தார் என்பதற்கெல்லாம் வேலையை விட்டவன் நான். அந்த ஒரு முறை விடவில்லை. பதினாறாம் நாளுக்கும் வரவில்லை.

அவர் இலையை மடிக்காமல் எழுந்து கை கழுவினார். அறைச் சாவி அவர் அரைஞாண் கயிற்றில்தான் இருந்தது. "எல்லாத்தயும் எடுத்துக்கிட்டுப் போயிரு" என்று சொல்லிவிட்டுக் காட்டுக்குக் கிளம்பினார்.

உருண்டைகளை எடுத்துச் செய்தித்தாளில் கட்டினேன். காக்காய்க்குப் போடவா என்று அண்ணி கேட்கவில்லை, நானும் போடவில்லை. பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தேன். பையை எடுத்தபோது அண்ணி, "காரமில்லாட்டியும் அந்தக் குழம்பு நல்லாத்தான் இருந்துச்சுங்க" என்றார், வாசலைப் பார்த்தபடி.

பஸ் பிடித்து மொரப்பூர் ஸ்டேஷனுக்குப் போனேன். ரயில் வர நேரமிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தேன். பக்கத்தில் இருந்தவர் உருண்டைகளைப் பார்த்துவிட்டு எழுந்து வேறு பெஞ்சுக்குப் போனார். ஆறையும் தின்றேன். உப்பு சரியாக இருந்தது.