எட்டாவது போல்ட்

மூட்டை தூக்குபவருக்கு இரண்டு பெருமைகள். ஒன்று, நூறு கிலோ மூட்டையை மூச்சு வாங்காமல் லாரியில் ஏற்றிவிடுவது. மற்றது, அவர் மனைவி. உதிரிபாகக் கடையில் பத்து வருடம் பில் போட்டபடியே, அங்கே சும்மா கிடந்த சர்வீஸ் புத்தகங்களைப் படித்துப் படித்து, சொந்தமாக பைக் பட்டறை வைத்தவள். "பொம்பளை கைக்கு போல்ட்டு இறுகுமா?" என்று கேட்ட வாய்களெல்லாம் இப்போது அவளிடம்தான் வண்டியை விடுகின்றன. இதைச் சொல்லிச் சொல்லி லாரி ஷெட்டில் எல்லோருடைய காதும் புளித்துவிட்டது.

அவருக்கு ஒரே ஒரு மனக்குறை. அவள் போல்ட் இறுக்கும் டார்க் ரென்ச் 'டிக்' என்று சத்தம் போடும், உடனே விட்டுவிடுவாள். இறுக்கம் நாம் வைத்த அளவுக்கு வந்ததும் அது அப்படித்தான் சொல்லும் என்று எத்தனையோ முறை விளக்கியிருக்கிறாள். மனிதர் காதில் வாங்கினால்தானே? பாவம், கை வலிக்கிறது, வெளியே சொல்ல மாட்டேன் என்கிறாள் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

அன்று மதியம் அவளுக்குச் சாப்பாடு கொண்டுவந்தபோது பட்டறையில் நர்ஸம்மாவின் வண்டி நின்றது. வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்ப்பவர். எஞ்சினின் பக்க மூடியில் எண்ணெய் ஒழுகி, மூடிக்கு அடியில் வைக்கும் கேஸ்கெட் அட்டையை இரண்டு பட்டறைகளில் மாற்றியும் நிற்கவில்லை. "இங்கயும் ஒழுகுச்சுன்னா வண்டிய வித்துடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். நாலு மணிக்கு வருவார். மனைவி புது கேஸ்கெட் வைத்து, எட்டு போல்ட்டையும் முடுக்கிவிட்டு, எஞ்சின் ஆயில் வாங்க அடுத்த தெருவுக்குப் போயிருந்தாள்.

வீட்டுக்காரி பேர் கெடக்கூடாதே என்று அவருக்குப் பதறியது. நீளமான ஸ்பேனரை எடுத்து ஒவ்வொன்றையும் தம் பிடித்து இறுக்கினார். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவதில் போல்ட்டின் தலை கையோடு வந்துவிட்டது.

திரும்பி வந்தவள் அவர் உள்ளங்கையைப் பார்த்தாள். திட்டியிருந்தாலாவது தேவலை.

"பழைய போல்ட்டுன்னு சொல்லிடேன்" என்றார் மெதுவாக.

"நேத்து வாங்கின போல்ட்டுங்க அது. நீங்க உட்கார்ந்து சாப்பிடுங்க. கைக்கு ஒரு வேலை இருக்கும்."

அவள் மூடியைக் கழற்றினாள். நீட்டிக்கொண்டிருந்த உடைந்த துண்டைப் பிளையரால் பிடித்து, பொறுமையாகத் திருகி எடுத்தாள். புது கேஸ்கெட் நசுங்கிப் பிதுங்கியிருந்தது. மாற்று கேஸ்கெட் இல்லை. மூடியின் விளிம்பில் எண்ணெய் தடவி, கேஸ்கெட் ஷீட்டில் அழுத்தி, பதிந்த தடத்தின் மேலேயே வெட்டினாள். உடைந்ததற்குப் பதில் வேறு போல்ட். முதலில் எல்லாவற்றையும் விரலால், பிறகு எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக. ஏழு முறை டிக். எட்டாவதில் ரென்ச்சை அவரிடம் நீட்டினாள்.

"நீங்க போடுங்க."

"நானா? விளையாடுறியா?"

"டிக்குன்னதும் விட்டுடணும். அவ்வளவுதான்."

மெல்ல இழுத்தார். டிக். விட்டார். இவ்வளவு லேசாகவா? அவள் கை வலித்ததால் விடவில்லை, தெரிந்துதான் விட்டிருக்கிறாள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகப் பெருமையாக இருந்தது.

அவள் ஆயிலை ஊற்றி முடித்தாள். நர்ஸம்மா வந்ததும் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். மூட்டை தூக்குபவர் திருட்டு முழி முழித்துக்கொண்டு நின்றார். நர்ஸம்மா எஞ்சினுக்கு அடியில் செய்தித்தாளை விரித்து, கால் மணி நேரம் வண்டியை ஓடவிட்டார். பிறகு குனிந்து, மூடியின் விளிம்பு முழுக்க விரலால் தடவிப் பார்த்தார். விரலில் ஒரு பொட்டு எண்ணெய் இல்லை.

"இனிமே இந்த வண்டிய நீ மட்டும்தாம்மா தொடணும்" என்றவர், மூட்டை தூக்குபவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கிளம்பினார்.

மறுநாள் ஷெட்டில் அவர் வாயைத் திறந்ததுமே லாரி டிரைவர் கும்பிடு போட்டார். "போதும்ணே, உங்க வீட்டம்மா பெருமை!"

"ஏழு போல்ட்டு அவ போட்டா. எட்டாவது நான் போட்டேன். ஒண்ணுகூட ஒழுகல."

"அடேங்கப்பா! எவ்வளவு பலமா இறுக்குனீங்க?"

"அவ சொன்ன அளவுக்கு."