ஊதாத விசில்

நடுவரான முதல் இரண்டு வருஷம் வில்ஃப்ரெட் தாக்ரே விடாமல் ஊதினார். யார்க்‌ஷரின் சுரங்க ஊர்களில் சனிக்கிழமை மத்தியானம் ரக்பி லீக் நடக்காத மைதானம் கிடையாது. எந்த மைதானத்துக்குப் போனாலும் வேலியோரத்திலிருந்து ஒரு குரல் அவருக்காகக் காத்திருக்கும்.

"யோவ், விசில் ஊத அவ்வளவு ஆசைன்னா ரயில்வேல போய்ச் சேரு!"

அவர் ஊதியது பெரும்பாலும் ஒரே குற்றத்துக்குத்தான். பந்தோடு ஓடிப் பிடிபட்டவன் எழுந்து, பந்தைக் காலால் பின்னுக்குத் தள்ளினால்தான் ஆட்டம் தொடரும். பிடித்தவன் உடனே விலகிவிட வேண்டும். ஒரு மூச்சு நேரம் கூடுதலாக அவன்மேல் படுத்துக் கிடந்தால், அதற்குள் தன் ஆட்கள் வரிசை கட்டிவிடுவார்கள். அதற்குப் பெனால்டி. சட்டம் அவ்வளவுதான். வில்ஃப் ஊதினார், கனமான ஆட்கள் முணுமுணுத்துக்கொண்டே எழுந்தார்கள், மெலிந்த பையன்கள் ஓடினார்கள். ஆனால் ஒரு சனிக்கிழமை கோட்டின்மேல் யாரோ துப்பிய எச்சிலோடு வீடு திரும்பினார். அடுத்த வாரம் லீக் செயலாளர் லம் அவரை ஓரமாக அழைத்தார்.

"சனங்க பந்தப் பாக்க வர்றாங்க வில்ஃப். உன் விசிலக் கேக்க இல்ல."

அன்றிலிருந்து அவர் ஊதுவதைக் குறைத்துக்கொண்டார். ஒரே வருஷத்தில் ஊர்ப் பேச்சு மாறிவிட்டது. தாக்ரேவா, ஆட்டத்த ஓட விடுவாருப்பா என்றார்கள். பகலில் அவருக்குச் சுரங்கத்தின் விளக்கு அறையில் வேலை. விளக்கு வாங்க வருகிற தொழிலாளிகள் அவர் முதுகில் தட்டிவிட்டுச் சுரங்கத்தில் இறங்கினார்கள். ஆட்டம் முடிந்தால் கிளப்பில் அவித்த பட்டாணியும் இறைச்சி பேஸ்ட்ரியும் அவருக்கு முதல் தட்டில் வந்தது. அது அவருக்குப் பிடித்திருந்தது. மனைவி எனிட் கோட்டைத் துவைக்க வேண்டியிருக்கவில்லை.

அவர் வருகிற ஆட்டங்களில் மெலிந்த பையன்கள் வெளியே உட்கார்ந்திருப்பதை அவர் கவனிக்காமல் இல்லை. இப்போது கனமான ஆட்களுக்குத்தான் காலம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

எழுபத்தெட்டு மார்ச்சில் ஹார்டிங்லிக்கும் பக்கத்து ஊருக்கும் கோப்பை அரையிறுதி. அது நல்லபடியாக முடிந்தால் இறுதி ஆட்டமும் வில்ஃபுக்கு என்று பேச்சு. லம் வேலியோரம் நின்றிருந்தார். ஹார்டிங்லியின் கீத் ஆமிடேஜுக்குப் பத்தொன்பது வயது. ஒல்லி, ஆனால் அவனை இரண்டு கையால் பிடிக்கவே முடியாது. அடுத்த செவ்வாய்க்கிழமை ஆடிக் காட்டச் சொல்லி ஒரு தொழில்முறை கிளப் அவனைக் கூப்பிட்டிருந்தது.

மூன்றாவது நிமிஷம் இரண்டு பேர் அவன்மேல் படுத்தார்கள். வில்ஃபின் விசில் உதடு வரை வந்தது.

"சார், எந்திரிக்கச் சொல்லுங்க சார்," என்றான் கீத் அடியிலிருந்து.

"எந்திரிங்கப்பா," என்றார் வில்ஃப். ஊதவில்லை.

எட்டாவது நிமிஷம் மூன்று பேர். அப்போதும் வாயால்தான் சொன்னார். இருபத்திரண்டாவது நிமிஷம் நான்காவது ஆள் ஓடிவந்து முழு எடையோடு கீத்தின் முழங்கால்மேல் விழுந்தான். அந்தச் சத்தம் வேலி வரை கேட்டது. அப்போது ஊதினார். பெனால்டி உதையில் இரண்டு புள்ளி கிடைத்தது. ஹார்டிங்லி ஜெயித்ததும் அந்த இரண்டு புள்ளியில்தான்.

இறுதி ஆட்டம் வில்ஃபுக்கே கிடைத்தது. அதில் தந்த பதக்கத்தை மேஜை இழுப்பறையில் போட்டார், பிறகு எடுக்கவில்லை. அடுத்த வருஷம், முழங்கால் வலி, இனி நடுவராகப் போகப் போவதில்லை என்றார்.

எனிட் நிமிர்ந்து பார்த்தாள். "உன்னோட முழங்காலா?"

பதின்மூன்று வருஷம் கழிந்தது. சுரங்கத்தை மூடிவிட்டார்கள். ஒரு வியாழக்கிழமை காலையில் வில்ஃப் பஸ் ஏறி ஹார்டிங்லி மைதானத்துக்குப் போனார். ஒரு கால் மடங்காமல், சுண்ணாம்பு வண்டியைத் தள்ளிக் கோடு போட்டுக்கொண்டிருந்தார் கீத். மைதானத்தைப் பராமரிப்பதுதான் இப்போது அவருக்குச் சம்பள வேலை.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும் கீத். மூணாவது நிமிஷமே நான் ஊதியிருக்கணும். எனக்குத் தெரிஞ்சுது. தெரிஞ்சும் ஊதல."

கீத் வண்டியை நிறுத்தினார். "இதச் சொல்லவா ரெண்டு பஸ் மாறி வந்தீங்க?"

"ஒரு பஸ்தான்."

"அன்னைக்குக் காலையில எங்க கோச் என்ன சொன்னாருன்னு தெரியுமா? நடுவர் தாக்ரே, பயப்படாம மேல படுங்கன்னாரு. அவங்க கோச்சும் அதையேதான் சொல்லியிருப்பாரு. உங்க ஆட்டம்னா செவ்வாக்கெழம பயிற்சியே வேற. படுக்கிறதுக்குன்னு தனியா ஒரு மணி நேரம். நானும் படுத்திருக்கேன் சார். அதுக்கு முந்தின வருஷ ஆட்டத்துல ஒருத்தன் விலா உடைஞ்சுதே? மேல கெடந்தது நான்."

வில்ஃபுக்கு அந்த ஆட்டம் நினைவிருந்தது. அன்றைக்கும் ஆட்டம் நன்றாக ஓடியது என்று எல்லோரும் கை குலுக்கினார்கள். ஒரு நாளைக்காக மன்னிப்புக் கேட்க வந்தவருக்கு, எத்தனை நாளைக்குக் கேட்பது என்று தெரியவில்லை.

"என்மேல கோவம் இல்லையா?"

"இருக்கு," என்றார் கீத். "மழ நாள்ல ரொம்ப இருக்கு." பிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பாமலே சொன்னார்: "சனிக்கெழம ஆட்டம் இருக்கு. வாங்க."

சனிக்கிழமை வில்ஃப் போனார். புதிய நடுவர் இளைஞன், காது சிவந்திருந்தது. மூன்றாவது நிமிஷம் ஊதினான், ஆறாவது நிமிஷம் ஊதினான், ஒன்பதாவது நிமிஷம் ஊதி ஒருவனைப் பத்து நிமிஷம் வெளியே அனுப்பினான். வேலி முழுக்க வசவு. அதற்குப் பிறகு யாரும் யார்மேலும் படுக்கவில்லை. மெலிந்த பையன் ஒருவன் இடைவெளி கண்டு கோடு வரை ஓடினான்.

பக்கத்தில் நின்ற கிழவர் வில்ஃபை அடையாளம் கண்டுகொண்டார். "பாருங்க, ஊதியே கெடுக்கிறான். நீங்களா இருந்தா விட்டிருப்பீங்க."

"ஆமா," என்றார் வில்ஃப். "விட்டிருப்பேன்."

கிழவர் அதைப் பெருமையாகச் சொன்னதாகவே எடுத்துக்கொண்டு தலையாட்டினார்.